செத்தவ சாப்பிட வந்தா

வாங்க சாமிகளா, வாங்க. பெஞ்சுல தூசி தட்டி வெச்சிருக்கேன், ஜட்ஜய்யாமாருங்க எல்லாம் வரிசையா உக்காருங்க. பாலாத்துச் செக்போஸ்ட்டுல போலீசு இருக்குது, ஃபாரஸ்ட்டு இருக்குது, பாலத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுச் சர்க்காரு அந்தப் பக்கம் கர்நாடகச் சர்க்காருன்னு எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்குது. கோர்ட்டு ஒண்ணுதான் இல்லாம இருந்துச்சு. அந்தக் குறையும் உங்க புண்ணியத்துல தீந்துபோச்சு. எங்கயோ ஒருத்தன் பொண்டாட்டி செத்துப்போனா, காலையில சேதி போன்ல வருது. பாலு பொங்கறதுக்குள்ள குத்தப்பத்திரிகை, டீ ஆத்தறதுக்குள்ள சாட்சி விசாரணை, வடை வேகறதுக்குள்ள புருசனுக்குத் தூக்கு. மைசூரு கோர்ட்டுல வருசக்கணக்கா வாய்தா போடறாங்களே, அவங்களை ஒரு வாரம் நம்ம கடைக்கு ட்ரெய்னிங் அனுப்பச் சொல்லி மனு எழுதலாம்னு இருக்கேன். கையெழுத்துப் போடறீங்களா?

நீங்க துப்புத் துலக்கற அழகை நான் ஓரமா உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். புருசன்காரன் அழுதான்னா, "பாரு, என்னமா நடிக்கறான்." அழாம நின்னான்னா, "கல்நெஞ்சுக்காரன், இவன்தான்." அன்னிக்கே போலீசுக்குப் போனான்னா, "இத்தனை அவசரம் எதுக்கு?" மூணு நாள் தேடிப் பாத்துட்டுப் போனான்னா, "மூணு நாளா எதை மறைச்சான்?" பொண்டாட்டியப் பறிகொடுத்தவன் எப்படி நிக்கணும், எப்படி உக்காரணும், எந்த நேரத்துக்கு எச்சி முழுங்கணும்னு இந்தப் பெஞ்சுல எல்லாருக்கும் தெரியுது. அவனுக்கு மட்டுந்தான் தெரிய மாட்டேங்குது, பாவம்.

ஏன் மாப்ளே, சிரிக்கறியா? சிரி சிரி. போன மாசம் நீயும் உன் பொண்டாட்டியும் போட்ட சண்டை கோவிந்தபாடி வரைக்கும் கேட்டுச்சு. அவ பையைத் தூக்கிக்கிட்டு மேச்சேரிக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நல்லவேளை, நாலாம் நாளு திரும்பி வந்துட்டா. வராம இருந்திருந்தா? கடைசியா அவளை உன்னோட பாத்தது யாரு? நாந்தான். சண்டை போட்டதைக் கேட்டது யாரு? ஊரே. அந்த நாலு நாளும் நீ முகச்சவரம் பண்ணிக்கிட்டு, மேட்டூருல படம் பாத்துட்டு வந்தே. ஒரு கேசுக்கு இதுக்கு மேல என்னடா வேணும்? அதனால சொல்றேன், பெரியவன் பேச்சைக் கேளு. இனிமே அவ கோவிச்சுக்கிட்டுப் போனா பின்னாடியே ஓடிப்போயி அந்தப் பஸ் டிக்கெட்டை வாங்கிப் பத்திரமா வெச்சுக்க. கண்டக்டரு கிட்டக் கையெழுத்தும் வாங்கிக்க. மாமியாகாரி கிட்ட, "உங்க மகள் உயிரோடும் முழுசாவும் வந்து சேர்ந்தாள்"ன்னு ஒரு ரசீது எழுதி வாங்கிக்க. ரேசன் கார்டோட சேத்துப் பின் அடிச்சு வை.

கேலி பண்றேன்னு நெனைக்காத. அந்த ரசீது இல்லாம ஒருத்தன் ஒன்றரை வருசத்துக்கு மேல ஜெயில்ல கெடந்தான். தூரத்துல ஒண்ணும் இல்ல, நம்ம மைசூருச் சீமையிலதான். பாலாறே 1997 வரைக்கும் மைசூரு ஜில்லாதானே, அப்பறம்தானே சாமராஜநகர்னு பிரிச்சு எழுதுனாங்க.

அவன் பேரு சொல்ல மாட்டேன். அந்தப் பேரை ஏற்கெனவே நாடு பூரா போட்டுத் தேச்சாச்சு, நான் வேற எதுக்கு? குடகு ஜில்லா, குசால்நகர் பக்கத்துல பசவனஹள்ளி. ஆதிவாசி. ரெண்டு புள்ளைங்க. 2020 வாக்குல பொண்டாட்டி காணாமப் போனா. இவனே ஸ்டேஷனுக்கு நடந்துபோயி, "அய்யா, பொண்டாட்டியக் காணம், தேடிக் குடுங்க"ன்னு புகார் எழுதிக் குடுத்தான். அது ஒண்ணுதான் அவன் செஞ்ச குத்தம்னு எனக்குத் தோணுது.

அந்தப் பக்கம், மைசூரு ஜில்லா பிரியாபட்டணா தாலூக்கா, பெட்டதபுரா ஸ்டேஷன் எல்லையில ஒரு எலும்புக்கூடு கெடச்சிருந்துச்சு. இங்க பொண்டாட்டியக் காணாத ஒரு புருசன், அங்க சொந்தக்காரன் இல்லாத எலும்பு. ரெண்டு ஃபைலு தனித்தனியா கெடந்தா ரெண்டு தலைவலி. ஒண்ணா நூல் போட்டுக் கட்டிட்டா ரெண்டும் முடிஞ்சுபோச்சு. கட்டிட்டாங்க. எலும்பு அவளுது, கொன்னது இவன்.

பரிசோதனைக்கும் அனுப்பாம இல்ல. பொண்ணோட அம்மா ரத்தத்தை எடுத்து, எலும்பையும் சேத்து, டி.என்.ஏ. பாக்க அனுப்புனாங்க. முடிவு வர்ற வரைக்கும் பொறுத்தாங்களாங்கறே? அதுக்குள்ள குத்தப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போயாச்சு. அப்பறம் முடிவு சாவகாசமா வந்துச்சு. எலும்புக்கும் அந்தம்மாவுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்லன்னு வந்துச்சு. இது போதும்னு கேசை அங்கயே கிழிச்சுப் போட்டிருக்கலாம் இல்ல? ஹைகோர்ட்டு ஜாமீன் குடுத்துச்சு, அவ்வளவுதான். கேசு அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

இன்னொரு கூத்து கேளு. கோர்ட்டுல சாட்சி சொல்ல வந்த பொண்ணோட அம்மாவும் ஊர்க்காரங்களும் என்ன சொன்னாங்க தெரியுமா? "அவ சாகல, இன்னொருத்தனோட போயிட்டா"ன்னு சொன்னாங்க. பெத்தவளே சொல்றா, எம் மக உசுரோட இருக்கான்னு. சர்க்காரு வக்கீலு, இல்லம்மா செத்துட்டான்னு நிக்கறாரு. ஊருவாய் எப்பவும் பொய்தான் பேசும்னு நாம சொல்லுவோம். அந்தத் தடவை ஊரு வாயில உண்மை இருந்துச்சு, முத்திரை குத்துன காயிதத்துல பொய் இருந்துச்சு. அதைக் காதுல போட்டுக்க ஒரு ஆளு இல்ல.

2025 ஏப்ரல் 1ஆந் தேதி. முட்டாள் தினம்னு நீங்க கொண்டாடுவீங்களே, அதே நாளு. மடிக்கேரியில ஒரு ஓட்டலுக்கு ஒரு பொண்ணு வந்து உக்காந்தா, கூட ஒரு ஆம்பள. புருசன்காரனோட சிநேகிதன் பாத்துட்டான். செத்தவ சாப்பிட வந்திருக்கா! அப்பறம் போலீசு வந்து, மைசூரு செஷன்ஸ் கோர்ட்டுல கொண்டுபோயி நிறுத்துனாங்க. ஜட்ஜம்மா, ஜட்ஜய்யா யாரா இருந்தாலும் அந்த நேரத்துல மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். கொலையுண்டவரே கூண்டுல ஏறி, நான் வேற கல்யாணம் கட்டிக்கிட்டேங்க, அவருக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதுங்கன்னு சொல்றாரு. அத்தனை வருசமும் அவ கண்காணாத தேசத்துல இல்ல. அதே குடகுல, மடிக்கேரியில இருந்து 25, 30 கிலோமீட்டரு தூரத்துல ஒரு கிராமத்துல குடித்தனம் பண்ணியிருக்கா. இங்க இருந்து மேட்டூரு போற தூரம். தேடுனாங்களாம், கெடைக்கலையாம்.

அந்த மாசமே கோர்ட்டு அவனை விடுதலை பண்ணிருச்சு. விசாரிச்ச அதிகாரி மேல நடவடிக்கை எடுங்கன்னு சொல்லுச்சு. உள்துறை 1 லட்ச ரூபாய் குடுக்கணும்னும் சொல்லுச்சு. லட்சம்னா கேக்க நல்லாத்தான் இருக்குது. கணக்கு வாத்தியாரு மகனே, நீ போன்ல தட்டிச் சொல்லு. ஒன்றரை வருசம்னே வெச்சுக்க, 540 நாளுக்குக் கொறையாது. நாளுக்கு எவ்வளவு? 185 ரூபா. நூறு நாள் வேலைக்குக் குளம் வெட்டப் போனா அதே 2025ல இந்தப் பக்கம் 336 ரூபா, அந்தப் பக்கம் 370 ரூபா கூலி. மம்பட்டியோட மரத்தடியில ஒக்காந்திருந்தாலே அவ்வளவு. பொண்டாட்டியக் கொன்னவன்னு பேரு வாங்கி, புள்ளைங்களை விட்டுட்டு உள்ள கெடந்தா அதுல பாதி. 5 கோடி வேணும்னு ஹைகோர்ட்டுக்குப் போயிருக்கான். பேராசைங்கறயா? வா, உன்னை ஒரு மாசம் உள்ள வெச்சுட்டு அப்பறம் ரேட்டு பேசலாம்.

அங்க ஒரு பெரிய மனுசரு தலையை ஆட்டறாரு. "அதுக்காகப் புருசனைச் சந்தேகப்படவே கூடாதா?"ன்னு கேக்கறாரு. நல்ல கேள்வி, அந்த அண்ணனுக்கு ஒரு டீ போடு, என் கணக்குல.

சந்தேகப்படணுமுங்க. ஏன் படக்கூடாது? வரதட்சணைச் சாவுன்னு மட்டும் 2022ல இந்த நாட்டுல 6,450 எழுதியிருக்காங்க. நாளுக்குப் பதினேழு பொண்ணு. ஸ்டவ்வு வெடிச்சதும் வழுக்கி விழுந்ததும் இதுல எத்தனை, எழுதாம விட்டது எத்தனைன்னு மாதேஸ்வரனுக்குத்தான் வெளிச்சம். கல்யாணம் ஆகி ஏழு வருசத்துக்குள்ள, வரதட்சணை கேட்டுக் கொடுமை பண்ணதுக்கு அப்பறம் பொண்ணு செத்தா, புருசனையும் அவன் வீட்டாரையும்தான் முதல்ல கேக்கணும்னு 1986லயே சட்டம் பண்ணது சும்மாவா? எம் பேத்தி சட்டம் படிக்கறா, அவதான் சொன்னா. வீட்டுக்குள்ள நடக்கற கொலைக்குச் சாட்சி யாரு வருவா? அடுப்பும் அம்மியுமா வந்து பேசும்? அதனால புருசனைக் கேளு. துருவித் துருவிக் கேளு. ஆனா சந்தேகம்ங்கறது பரிசல்ல ஏறி உக்கார்ற மாதிரி. உக்காந்த ஒடனே அக்கரை சேந்துட்டேன்னு எறங்குனா என்ன ஆகும்? அந்த பெட்டதபுராவுல எறங்குன மாதிரிதான் ஆகும்.

வேலை செய்யச் சோம்பல்பட்டவன் சந்தேகத்தையே சாட்சியா எழுதிக்கறான். சந்தேகத்துக்குப் பொறவுதான் அசல் வேலை இருக்குது. நாலு ஊரு அலையணும், போன் எங்க அடிச்சுதுன்னு பாக்கணும், பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். ஏன் நிக்கறதில்ல தெரியுமா? நீங்க நிக்க விடறதில்ல. "இன்னுமா புடிக்கல? இன்னுமா உள்ள போடல?"ன்னு பெஞ்சு கேக்குது, டிவி கேக்குது.

இது நம்ம ஊருச் சீக்கு மட்டும் இல்லீங்க. அமெரிக்காவுல கிளீவ்லாந்துன்னு ஒரு பட்டணம். சாம் ஷெப்பர்டுன்னு ஒரு டாக்டரு. 1954 ஜூலையில அவரு சம்சாரத்தை வீட்டுலயே யாரோ அடிச்சுக் கொன்னுட்டாங்க. ஊரே டாக்டரைத்தான் சொல்லுச்சு. இந்த ஆளு இன்னும் ஏன் ஜெயில்ல இல்லன்னு ஒரு பத்திரிகை முதல் பக்கத்துலயே கேட்டுச்சு. அன்னிக்கு ராத்திரியே புடிச்சு உள்ள போட்டாங்க. பாத்தீங்களா, தலையங்கத்துக்கு எத்தனை மரியாதை! பத்து வருசம் உள்ள கெடந்தாரு. கோர்ட்டைத் திருவிழா ஆக்கிட்டீங்க, இது நியாயமான விசாரணையே இல்லன்னு 1966ல அவங்க சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு. மறுபடி விசாரிச்சு விட்டுட்டாங்க. வெளிய வந்தவரு கடைசியில என்ன தொழிலு பாத்தாரு தெரியுமா? 1969ல மல்யுத்தத்துக்குப் போயிட்டாரு, காசுக்குக் குஸ்தி. 1970ல செத்தும் போயிட்டாரு. கோர்ட்டு விட்டாலும் பெஞ்சு விடாது. நம்ம சினிமாப் பாகவதரையே பாருங்களேன். லட்சுமிகாந்தன் கொலையில 1944ல புடிச்சு, 1947ல குத்தம் இல்லன்னு வெளிய வந்தாரு. வந்தவருக்குப் பழைய கொடி பறக்கலை.

வடக்க பிருந்தாவனத்துல ஒரு கேசு. பொண்டாட்டியக் கொன்னாங்கன்னு புருசனும் அவன் சிநேகிதனும் உள்ள போயி வந்தாங்க. 2022ல அவளே ராஜஸ்தான்ல குடும்பம் நடத்திக்கிட்டு இருந்தா. அங்கயும் யாரோ ஒருத்தியோட பொணத்தை இவளுதுன்னு எழுதியிருந்தாங்க. தேடிக் கண்டுபிடிச்சது யாரு? கொலைகாரன்னு பேரு வாங்குன ரெண்டு பேருமே ஊரு ஊரா அலைஞ்சு கண்டுபிடிச்சாங்க. இந்த நாட்டுல குத்தவாளியா இருக்கறவன் துப்பறியவும் தெரிஞ்சு வெச்சிருக்கணும்.

இப்ப அடுத்த ஆட்டத்துக்கு வரேன். மடிக்கேரிச் சேதி வந்த அன்னிக்கு இதே பெஞ்சுல என்ன பேசுனீங்க? காலையில வரைக்கும் அவனுக்குத் தூக்கு. மத்தியானத்துக்கு மேல அவளுக்குத் தூக்கு. கயிறு ஒண்ணுதான், கழுத்துத்தான் மாறுச்சு. "இவளால ஒருத்தன் ஜெயிலுக்குப் போனானே, இவளை உள்ள போடு." எதுக்குப் போடணும்ங்கறேன்? புருசனை விட்டுப் போறது மனசுக்கு ஆகாத காரியமா இருக்கலாம், புள்ளைங்களுக்குப் பாவமா இருக்கலாம். குத்தம்னு எழுத சட்டத்துல எடம் இல்லடா கண்ணு. அடுத்தவன் பொண்டாட்டியோட போறவனைப் புடிச்சு உள்ள போடற 497ஆம் பிரிவையே 2018ல சுப்ரீம் கோர்ட்டு அடிச்சுத் தள்ளியாச்சு. அந்த எலும்பை அவ கொண்டுபோயி வெச்சாளா? குத்தப்பத்திரிகையை அவ எழுதுனாளா? எழுதுன கை எதுன்னு கேக்கப் பயமா இருக்குது, அதனால பொம்பளை மேல பாயறீங்க. அது சுளுவு.

நம்ம பாலாத்துக்காரங்களுக்கு இதை நான் சொல்லித் தரணுமா? 1993 ஏப்ரல் 9ஆந் தேதி இந்தப் பக்கத்துலதான் கண்ணிவெடி வெடிச்சு 22 பேரு போனாங்க. வெச்சது வீரப்பன் ஆளுங்க. அது பொய் இல்ல, அந்தச் சத்தம் எங்க காதுல இன்னும் இருக்குது. ஆனா அதுக்கப்பறம் வீரப்பன் பேரைச் சொல்லி தடா சட்டத்துல புடிச்சது நூறு பேருக்கு மேல. அரிசி வித்தவன், ஆடு மேய்ச்சவன், சும்மா ரோட்டுல நடந்தவன். மைசூருலதான் கேசு. எட்டு வருசம் கழிச்சு, 2001ல, பெரும்பாலானவங்களைக் குத்தம் இல்லன்னு விட்டாங்க. வீரப்பனைத் தேடுன அதிரடிப்படை கையில பாடுபட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் குடுன்னு மனித உரிமை ஆணையம் 2007ல சொல்லுச்சு. அந்த எட்டு வருசமும் இந்த ரெண்டு பக்கத்துலயும் அவங்க பொண்டாட்டி புள்ளைங்களை நாம எப்படிப் பேசுனோம்? "நெருப்பில்லாமப் பொகையுமா"ன்னு பேசுனோம். பொகை போட்டவன் எவன்னு பாக்கலை. இப்ப அவங்க பேரப்புள்ளைங்க இதே பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, எவனோ ஒருத்தன் படத்தைப் பெருசு பண்ணிப் பாத்து, "கண்ணைப் பாரு, கொலைகாரக் கண்ணு"ங்கறான். உங்க தாத்தனுக்கும் அதே கண்ணுதாண்டா தம்பி, அதைப் பாத்துத்தான் கூட்டிட்டுப் போனாங்க.

சரி, டீ ஆறிப்போச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், இத்தனை துப்பறிஞ்ச பெஞ்சுல யாராச்சும் பதில் சொல்லுங்க பாக்கலாம்.

பொண்டாட்டி உசுரோட வந்துட்டா. புருசன் வெளிய வந்துட்டான். அப்போ அந்த எலும்பு யாருது?

ஏன், ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டேங்கறீங்க? அவன் கொன்னானா இல்லையான்னு கச்சேரி நடத்துனீங்க, அவ ஓடுனது சரியா தப்பான்னு பட்டிமன்றம் நடத்துனீங்க. தீர்ப்பு வந்த நாளுலயும் அந்த எலும்புக்கு ஊரும் இல்ல, பேரும் இல்ல. அதுவும் ஒரு தாய் பெத்த உடம்புதானே. அதைச் செஞ்சவன் எவனாச்சும் இருந்தான்னா, வேற ஒருத்தனைப் புடிச்சு உள்ள போட்டாங்கன்னு கேள்விப்பட்ட அன்னிக்கு நிம்மதியாத் தூங்கியிருப்பான். அவனுக்குத் தாலாட்டுப் பாடுனது நாமதான்.

நம்ம பக்கத்துல இருந்து காப்பித் தோட்டத்து வேலைக்குக் குடகுக்குப் போற சனம் நெறைய. கொளத்தூரு, மேச்சேரி, மாதேஸ்வரன் மலை அடிவாரம்னு எத்தனையோ ஊருல வீட்டுக்கு ஒருத்தர் போயிருக்காங்க. 2020, 21 வாக்குல அந்தப் பக்கம் போயி வீடு திரும்பாதவங்க யாராச்சும் உங்களுக்குத் தெரிஞ்சு இருந்தா, போன்ல படத்தைப் பெருசு பண்றதை விட்டுட்டு பெட்டதபுரா ஸ்டேஷனுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. பெத்தவங்களைக் கூட்டிக்கிட்டுப் போயி ஒரு சொட்டு ரத்தம் குடுக்கச் சொல்லுங்க. பஸ் செலவுக்கு இல்லன்னா என் கிட்ட வாங்க, நான் தரேன்.